இஸ்லாமிய வங்கி வழக்கு: நீதிபதியின் அதிகாரம் எதுவரை?

பட்டர்வொர்த்தில் லாரி நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இஜாரா எனும் இஸ்லாமியக் குத்தகை முறையில் வங்கியிடம் லாரிகள் எடுத்தேன். உரிமையாளர் வங்கிதான். ஆனால் பராமரிப்புச் செலவு முழுவதும் என் தலையில் என்கிறது ஒப்பந்தம். தவணை நின்றதும் பினாங்கு உயர் நீதிமன்றத்தில் வழக்கு. அந்த விதி ஷரியாவுக்கு முரணா என்பதை நீதிபதி முடிவு செய்ய முடியாதாமே? நான் இந்து, ஷரியா நீதிமன்றம் போகணுமா?"

போக வேண்டாம். இவ்வழக்குகளை விசாரிப்பது சிவில் நீதிமன்றமே.

முதல் கேள்விக்குக் கிட்டத்தட்ட உங்கள் நிலையிலேயே ஒரு வழக்கு உண்டு: ஜேஆர்ஐ ரிசோர்சஸ் எதிர் குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ். அங்கே லாரிக்குப் பதில் கப்பல்கள். 2009ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி, ஷரியா கேள்வி எழுந்தால் நீதிமன்றம் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றம் ஏற்கெனவே வெளியிட்ட முடிவைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அல்லது கேள்வியை அங்கே அனுப்ப வேண்டும். வரும் பதில் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும்.

இது நீதி அதிகாரத்தைப் பறிப்பதாகாதா? 2019 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் 'ஆகாது' என்றது. மன்றம் ஷரியா நிலை என்ன என்று மட்டுமே சொல்கிறது, வழக்கைத் தீர்ப்பது நீதிபதியே என்பது பெரும்பான்மையின் வாதம். என் மனம் மாறுபட்ட அந்த நால்வர் பக்கம்தான்: பதிலை ஏற்றே ஆக வேண்டும் என்றால், அந்த அளவுக்கு நீதிபதியின் கை கட்டப்பட்டதுதானே! ஆனாலும் சட்டம் இன்று பெரும்பான்மை சொன்னபடியே நிற்கிறது.

ஆகவே பராமரிப்பு விதியை மட்டுமே நம்பித் தற்காப்பை எழுப்பாதீர்கள். மன்றத்தின் முடிவுகள் பேங்க் நெகாரா இணையத்தளத்திலேயே இருக்கின்றன; இஜாரா பற்றியவற்றை வழக்கறிஞருடன் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கேள்விக்கு அங்கே பதில் இல்லையென்றால், அனுப்பச் சொல்லித் தொடக்கத்திலேயே கேளுங்கள். கேள்வியின் வாசகத்தில் கவனம் தேவை. 'பராமரிப்பு' என்று பொதுவாக எழுதினால் எண்ணெய் மாற்றுவதும் எஞ்சின் மாற்றுவதும் ஒன்றாகிவிடும்.

நீதிபதியின் கை கட்டப்படாத இடம் உண்மை விவரங்கள். பாக்கி எவ்வளவு, தவணை தவறிய நோட்டீஸ் முறைப்படி வந்ததா, பறிமுதல் செய்த லாரி விற்ற பணம் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா? இவற்றை அவரேதான் தீர்மானிப்பார். வங்கி பெரும்பாலும் முழு விசாரணையின்றிச் சுருக்கத் தீர்ப்பு கேட்கும். அப்போது வாய்ப்பேச்சு எடுபடாது. ஒர்க்‌ஷாப் பில், வங்கி அறிக்கை எல்லாம் சத்தியப் பிரமாணத்தோடு இணைய வேண்டும். சம்மன் கிடைத்த 14 நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆஜர் பதிவு செய்தாயிற்றா என்று இன்றே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.