மார்பிலும் அக்குளிலும் வீக்கம்: சதைப் பரிசோதனைக்கு முன் மருந்து வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு குழந்தைகள். சின்னவனுக்குத் தாய்ப்பால் நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. நான்கு மாதங்களுக்கு முன் இடது மார்பில் கெட்டியாக வீக்கம் வந்தது. தோல் சிவந்து வலித்தது. அதே பக்க அக்குளில் நெறி கட்டிக்கொண்டது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் வற்றவில்லை. ஸ்கேனில் 'ரியாக்டிவ் நிணநீர் முடிச்சுகள்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர், காசநோயாக இருக்கலாம், ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுங்கள் என்கிறார். இன்னொருவர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். இரண்டையும் இன்னும் தொடங்கவில்லை. சதை எடுத்துப் பார்க்கலாம் என்று சொன்னவரிடம் போக விடாமல், 'ஊசி பட்டால் புற்றுநோய் பரவிவிடும்' என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். போன மாதம் முழங்கால் வலித்தது, முன்காலில் சிவந்த தடிப்புகள் வந்து போயின. அது வெயிலால் இருக்கும். எனக்கு என்னதான் நோய்?

பதில்: சகோதரி, உங்கள் நோயின் பெயரை இந்தக் கடிதத்தை வைத்து நான் சொல்லிவிட முடியாது. உங்களைப் பார்த்த மருத்துவர்களாலும் கையால் தொட்டு மட்டும் சொல்ல முடியாது. மார்பிலிருந்து எடுக்கும் சிறு துண்டு சதைதான் அதைச் சொல்லும். நான்கு மாதமாக அந்த ஒரு காரியம் மட்டும் நடக்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த வாரமே அதைச் செய்துகொள்ளுங்கள்.

முதலில் அந்த ஸ்கேன் ரிப்போர்ட். 'ரியாக்டிவ்' என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. மார்பிலிருந்து வடியும் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் முடிச்சுகளுக்குத்தான் போய்ச் சேருகிறது. மார்பில் ஏதோ நடக்கிறது, முடிச்சு அதற்கு எதிர்வினை காட்டுகிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை. முடிச்சின் நடுவில் கொழுப்புப் பகுதி அப்படியே தெரிந்து, வெளிச்சுவர் 3 மில்லிமீட்டருக்குள் மெல்லியதாக இருந்தால் ஓரளவு நிம்மதி. கொழுப்புப் பகுதி மறைந்து, சுவர் தடித்திருந்தால் அந்த முடிச்சிலிருந்தும் ஊசியால் சதை எடுக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த விவரம் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்த மருத்துவரிடமே கேளுங்கள்.

அடுத்து, உங்கள் வீட்டாரின் பயம். மார்பில் ஊசி போட்டுச் சதை எடுப்பதால் புற்றுநோய் பரவிவிடும் என்பது உண்மை அல்ல. உலகம் முழுவதும் மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை இந்த ஊசிப் பரிசோதனைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. உங்கள் கணவரையும் உடன் அழைத்துச் சென்று, இதை மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கும்படி செய்யுங்கள்.

அக்குளில் முடிச்சு, சிவந்த தோல், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வீக்கம் என்று வரும்போது மூன்று நோய்கள் எங்கள் மனதில் முன்னால் நிற்கும். ஒன்று, அழற்சி வகை மார்பகப் புற்றுநோய். இது அரிதானது, ஆனால் வேகமானது. தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகத் தடித்துவிடும். சீழ்க்கட்டி என்று எண்ணி ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் கொடுத்து நாள் கடந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் மார்பு வீக்கம் குறையவில்லை என்றால் சதை எடுத்தே ஆக வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். வலி இருப்பதால் புற்றுநோய் இல்லை என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதே சமயம், அப்படியே புற்றுநோயாக இருந்தாலும், அக்குள் வரை வந்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று பொருள் இல்லை. அந்த நிலையிலும் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை அளிக்கிறோம்.

இரண்டாவது, காசநோய். நம் நாட்டில் இதை ஒதுக்கிவிட முடியாது. மூன்றாவது, 'கிரானுலோமேட்டஸ் மேஸ்டைட்டிஸ்' என்னும் அழற்சி. பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடித்த சில ஆண்டுகளுக்குள் இளம் பெண்களுக்கு வருவது, புற்றுநோய் அல்ல.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. முன்காலில் சிவந்த தடிப்புகள், கூடவே மூட்டு வலி. இது வெயிலால் வருவதல்ல. கிரானுலோமேட்டஸ் மேஸ்டைட்டிஸ் உள்ள சிலருக்கு இப்படி வருவதுண்டு. காசநோயிலும் வரலாம் என்பதால் இதை வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் பார்க்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தடிப்பு மறுபடி வந்தால் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

காசநோய்க்கும் இந்த அழற்சிக்கும் நுண்ணோக்கியில் தெரியும் உருவம் மிக நெருக்கமானது. 'கிரானுலோமா' (அழற்சி செல்கள் கூடிக் கட்டும் சிறு முடிச்சு) என்று ரிப்போர்ட் வந்தவுடன் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தவறாகப் போனால், தேவையில்லாமல் ஆறு மாதம் கல்லீரலைச் சோதிக்கும் மருந்துகளைச் சாப்பிடுவீர்கள், வீக்கமும் வற்றாது. எதிர்ப்பக்கமாகத் தவறினால் இன்னும் மோசம்: உள்ளே காசநோய் இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமிக்கு அது கொண்டாட்டம். நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால், ஸ்டீராய்டு முடிச்சைத் தற்காலிகமாகச் சுருங்க வைத்துப் பரிசோதனையையே ஏமாற்றிவிடும். லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கும் காசநோய்க் கிருமியைப் பாதி அடக்கிக் கண்ணாமூச்சி காட்டும். ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எடுத்துச் செல்லுங்கள். தோலில் போடும் மாண்டூ ஊசி தடித்தால் காசநோய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி.

பரிசோதனைக்குப் போகும்போது மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சுவது போதாது. 'கோர் பயாப்சி' என்று கேளுங்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஊசியால் நூல் போன்ற சில சதைத் துண்டுகளை எடுப்பார்கள். கருவி இயங்கும்போது 'டக்'கென்று சத்தம் கேட்கும்; திடுக்கிட வேண்டாம். சற்று நேரம் அழுத்திப் பிடித்து, கட்டுப்போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தோல் தடித்திருந்தால் தோலிலும் ஒரு பொட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தில் பலருடைய பரிசோதனை வீணாகிவிடுகிறது. எடுத்த சதை முழுவதையும், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். அதை வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பங்கு ஃபார்மலினில், இன்னொரு பங்கு சாதாரண உப்பு நீர் பாட்டிலில் என்று இரண்டாகப் போக வேண்டும். உப்பு நீரில் போகும் பங்கை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனைக்கும், காசநோய்க் கிருமி, மற்ற கிருமிகள் இரண்டையும் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு மார்புக்கும் மேமோகிராம், நெஞ்சு எக்ஸ்ரே, சர்க்கரை, எச்ஐவி, இரத்த அணுக்கள், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஆகிய பரிசோதனைகளும் வேண்டும். மனநலத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் புரோலாக்டின் ஏறியிருக்கலாம். அதற்கும் இந்த அழற்சிக்கும் தொடர்பு உண்டு. கழுத்திலும் தொடை இடுக்கிலும் முடிச்சு தென்பட்டாலோ, நிணநீர்ப் புற்றுநோய் என்ற சந்தேகம் வந்தாலோ, ஊசித் துண்டு போதாமல் ஒரு முடிச்சை முழுதாக எடுக்க வேண்டிவரும்.

ரிப்போர்ட் 'சாதாரணம்' என்று வந்து, ஸ்கேன் படமோ மார்பின் தோற்றமோ அதற்கு ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டும். மெழுகில் பதித்த சதைக்கட்டியை ஆய்வகத்தில் கேட்டு வாங்கலாம். இரண்டாவது கருத்துக்கு அதைக் கொண்டுபோனால் போதும், பல நேரம் மறுபடி ஊசி தேவைப்படாது.

காசநோய் என்று உறுதியானால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். கிரானுலோமேட்டஸ் மேஸ்டைட்டிஸ் என்றால் பொறுமை வேண்டும். வற்ற மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குத் தானாகவே அடங்கும், சிலருக்கு ஸ்டீராய்டோ, நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தோ தேவைப்படும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட் கூடாது என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதற்கிடையில் காய்ச்சல் ஏறி, வீக்கம் மெத்தென்று ஆகிச் சீழ் கட்டினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முடிந்தவரை ஸ்கேன் உதவியோடு ஊசியால் சீழை எடுத்து, அதையும் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். கிரானுலோமேட்டஸ் மேஸ்டைட்டிஸில் கத்தியால் கீறிவிட்ட இடம் மாதக்கணக்கில் ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கும்.