இரண்டு செலா நூல்: உடன்பிறந்தார் சண்டை பற்றி யூத மரபு

கேள்வி: இரண்டு பையன்களில் சின்னவன் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். யூத மரபு இதை எப்படிப் பார்க்கிறது?

பதில்: பிரியம் மனசுக்குள் இருக்கட்டும், கையில் தெரிய வேண்டாம் என்கிறது. யூத அறிஞர்களின் பழைய விவாதத் தொகுப்பான தல்மூதில், சபாத் என்ற பகுதியில் ராவ் என்ற அறிஞரின் வாக்கு ஒன்று உண்டு: பிள்ளைகளில் ஒருவனை மட்டும் தனித்துக் காட்டாதே. முற்பிதா யாக்கோபு தன் மற்ற மகன்களைவிட யோசேப்புக்கு இரண்டு செலா எடைக்கு உயர்தர நூலிழை கூடக் கொடுத்தார். அண்ணன்மாருக்குப் பொறாமை வந்தது. கடைசியில் நம் முன்னோர் எகிப்துக்கே போக நேர்ந்தது. செலா என்பது ஒரு வெள்ளிக்காசு. இரண்டு காசு எடை நூல், அவ்வளவுதான்! தம்பியை விற்றவர்கள் அண்ணன்மார், ஆனால் தல்மூத் கணக்கை அப்பாவிடமிருந்து தொடங்குகிறது.

கேள்வி: யாக்கோபே அப்படி வளர்ந்தவர்தானே? அப்பா ஈசாக்குக்கு மூத்தவன் ஏசா, அம்மா ரெபெக்காளுக்கு இளையவன் யாக்கோபு என்று வீடே இரண்டாக நின்றதே?

பதில்: ஆமாம். ஈசாக்குக்கு வேட்டைக்கறி பிடிக்கும், அதனால் ஏசாவைப் பிடிக்கும் என்று வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வாழ்ந்த ரப்பி சாம்சன் ராபேல் ஹிர்ஷ் இன்னொரு தவறையும் காட்டினார். காட்டில் திரிகிற ஏசாவையும் கூடாரத்தில் இருக்கிற யாக்கோபையும் ஒரே அச்சில் வளர்த்தார்களாம். 'பிள்ளையை அவனவன் வழியில் பழக்கு' என்ற நீதிமொழிதான் அவருக்கு ஆதாரம். முற்பிதாக்களையே குறை சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

கேள்வி: அப்பாவின் சொத்தில் மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு என்பது மட்டும் நியாயமா?

பதில்: இன்றைய கண்ணுக்கு இல்லை. ஆனால் வேதத்தில் உபாகமம் என்ற நூலின் 21ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: பிடிக்காத மனைவியின் மகன் மூத்தவனாக இருந்தால், அந்தப் பங்கைப் பிடித்தவளின் மகனுக்கு மாற்றக் கூடாது. அப்பாவின் ஆசைக்குப் போட்ட கடிவாளம் அது.

கேள்வி: ஓரவஞ்சனையால் அடிபட்ட யோசேப்பே பின்னாளில் தம்பி பென்யமீனுக்கு மட்டும் ஐந்து உடை கொடுத்தாரே. சரியா?

பதில்: நல்ல கேள்வி, தல்மூதும் இதையே கேட்கிறது! பின்னாளில் பென்யமீன் வழியில் வந்த மொர்தெகாய் ஐந்து அரச உடைகள் அணிவதற்கு இது முன்குறிப்பு என்று தல்மூதின் மெகில்லா பகுதியில் பதில் வருகிறது. எனக்கு அது கொஞ்சம் சமாளிப்பாகவே படுகிறது. அதற்கு முன்பு, எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பு தன்னை அடையாளம் காட்டாமல் சகோதரர்களுக்கு வைத்த விருந்துதான் எனக்கு முக்கியம். பென்யமீன் தட்டில் ஐந்து மடங்கு சாப்பாடு. அப்புறம் அவன் சாக்கில் வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்துவைத்துத் திருட்டுப் பழி. இந்தச் செல்லப்பிள்ளையையும் கைவிடுவார்களா என்று யோசேப்பு பார்க்கிறார். அண்ணன்மாரில் ஒருவரான யூதா முன்னால் வந்து, 'அப்பாவின் உயிர் இவன்மேல் இருக்கிறது, அடிமையாக என்னை வைத்துக்கொள்ளும்' என்கிறார். அப்பா ஓரவஞ்சனை செய்கிறார் என்று தெரிந்தேதான் சொல்கிறார்.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு மகன்களை 'எப்பிராயீம், மனாசே போல' என்று ஆசீர்வதிக்கிறார்களே, ஏன் அந்த இருவர்?

பதில்: இருவரும் யோசேப்பின் மகன்கள். தாத்தா யாக்கோபு சாகும் முன் அவர்களை ஆசீர்வதிக்கக் கைகளைக் குறுக்காகப் போட்டு, வலது கையை இளையவன் எப்பிராயீம் தலையில் வைத்தார். மறுபடியும் அதே வேலை! யோசேப்பு கையை நகர்த்தப் பார்த்தார், கிழவர் விடவில்லை. ஆனால் மூத்தவன் மனாசே முணுமுணுத்ததாக ஆதியாகமத்தில் ஒரு வரிகூட இல்லை.