ஒட்டினால் வளைகிற மடலுக்கு இயந்திரம் எதற்கு?

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடி கையால் வாழ்த்து மடல்கள் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். இப்போது ஓர் அலுவலகம் நத்தாருக்கு 60 மடல்கள் கேட்டிருக்கிறது. மாதிரிக்குச் செய்தவை எல்லாம் ஒட்டிக் காய்ந்ததும் பொரித்த அப்பளம் போல வளைந்துவிட்டன. மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடும் தெரிகிறது. வடிவங்கள் வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தவணைக்கு எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று கைவினைச் சாமான் விற்கும் ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், சகோதரி. உங்களுக்கு இருக்கும் பிரச்சினைகள் இரண்டு. மடல் வளைகிறது, மடிப்பு வெடிக்கிறது. அந்த இயந்திரம் செய்வதோ மூன்றாவது வேலை. பிடியைச் சுழற்றினால் அச்சை அட்டையின் மேல் அழுத்திப் பூவும் நட்சத்திரமும் வெட்டித் தரும், அவ்வளவுதான். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு வாங்க வேண்டும். அச்சோடு வைக்கும் பிளாஸ்டிக் தட்டு கீறல் விழுந்து தேய்ந்துவிடும், அதையும் மாற்ற வேண்டும். விற்பவருக்குத் தொடர்ந்து வருமானம் அங்கேதான். இதை ஒருவரும் முதலில் சொல்வதில்லை. வீட்டிலிருந்து நாலு காசு பார்க்க நினைக்கும் பெண்களைத் தேடிப் பிடித்து இப்படிக் கடனில் மாட்டிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. 60 மடலுக்கு ஒரு நல்ல கத்தியும் இரும்பு அடிமட்டமும் போதும்.

சரி, மடல் ஏன் வளைகிறது? ஆலையில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அச்சகத்தில் அதைக் கிரெயின் என்பார்கள். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் அதிகம் நீளாது, அகலவாக்கில்தான் பருக்கும். ஒட்டப் பூசும் பைண்டர் கம் பசையில் நிறையத் தண்ணீர் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கப் பூசி ஒட்டும்போது மேல் தாள் ஈரத்தில் விரிகிறது, காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மழையில் கொழும்புக் காற்றே ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் நீங்கள் நத்தார் மடல் செய்யப் போகிறீர்கள்.

நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கக் கருவி தேவையில்லை. தாளை மேசையில் வைத்து, ஓர் ஓரத்தைத் தூக்கி எதிர் ஓரத்தின் மேல் கவிழ்த்து, மடிப்பு விழாத அளவுக்கு உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். அப்புறம் தாளை மேசையிலேயே கால் வட்டம் திருப்பி மற்றப் பக்கமும் அப்படியே செய்யுங்கள். எப்படி வளைக்கும்போது இலகுவாக வளைந்ததோ, அந்த வளைவில் மடிப்பு விழக்கூடிய கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. மடலின் மடிப்பும் அதே திசையில் விழ வேண்டும். மேலே ஒட்டும் தாளின் நாரும் அதே திசையில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனித்தாலே உங்கள் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரிய அட்டையைக் கடையிலேயே ஏ4 அளவுக்கு வெட்டித் தரச் சொல்கிறீர்கள். கழிவு குறைய வேண்டும் என்று வெட்டுபவர் சிலதை நெடுக்காகவும் சிலதைக் குறுக்காகவும் வெட்டிவிடுவார். ஒரே கட்டில் பாதி ஒழுங்காக மடியும், பாதி வெடிக்கும். உங்களுக்கோ கையில் பிழை என்று தோன்றும். புறக்கோட்டை மலிபன் வீதியிலோ வேறெங்கோ மொத்தமாக வாங்கும்போது, வெட்டுவதற்கு முன் ஒரு முழு அட்டையை வளைத்துப் பார்த்து, "எல்லாவற்றையும் இந்தப் பக்கமாக வெட்டுங்கள்" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு காரணம். முதலாவது, மேலே மட்டும் நிறம் பூசிய அட்டை. ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் என்ன செய்தாலும் கொஞ்சம் தெரியும். உள்ளும் புறமும் ஒரே நிறமான அட்டையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, கோடு போடாமல் மடிப்பது. மை தீர்ந்த பேனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். அழுத்திய பள்ளம் மடலின் வெளிப்பக்கத்தில் இருக்க வேண்டும், மறுபக்கத்தில் எழும்பும் மேடு மடிப்பின் உள்ளே போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஒரு கடைக்காரர் முன்பக்கத்தை லேமினேட் பண்ணச் சொல்லக்கூடும். கேட்காதீர்கள். ஒரு பக்கம் பிளாஸ்டிக் மூடியிருக்க மற்றப் பக்கம் மட்டும் ஈரத்தைக் குடிக்கும், மடல் இன்னும் மோசமாகச் சுருளும்.

பசையைக் குறைப்பதுதான் வழி. பசையே வேண்டாத வேலைகளில் எவ்வளவோ அழகு இருக்கிறது. எனக்குப் பிடித்தது மேடு எழுப்புவது. பால்மாப் பெட்டி அட்டையில் ஒரு நட்சத்திரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். துளையுள்ள அந்த அட்டையைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் உங்கள் மடலை, பின்பக்கம் உங்களைப் பார்க்க, வையுங்கள். நட்சத்திரம் நிழலாகத் தெரியும். மெழுகுதிரியை அந்த இடத்தில் லேசாகத் தேய்த்துவிட்டு, கம்பளி பின்னும் ஊசியின் உருண்டைத் தலையால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். அவசரப்பட்டால் கிழியும். முதல் சுற்றில் மெதுவாக, இரண்டாவது மூன்றாவது சுற்றில் கொஞ்சம் அழுத்தமாக. திருப்பிப் பார்த்தால் வெள்ளை அட்டையில் வெள்ளை நட்சத்திரம் எழும்பி நிற்கும். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் அட்டையின் எடை, கிராமில்) அளவுள்ள அட்டை இதற்கு ஏற்றது, 300 ஜிஎஸ்எம் அட்டை கையை நோகடிக்கும். எழுத்து எழுப்புவதானால் துளை அட்டையைப் புரட்டி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மடலில் எழுத்து இடம்வலம் மாறிவிடும்.

அடுத்தது தையல். பழைய சேலைக் கரை, கைத்தறித் துண்டு, பத்திக் துணிக் கழிவு, எதுவானாலும் சரி. அட்டைக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வைத்து, முதலில் ஊசியால் வெறும் துளைகளை மட்டும் போடுங்கள், 4 அல்லது 5 மில்லிமீற்றர் இடைவெளியில். நெருக்கிப் போட்டால் தபால் முத்திரைத் தாள் போலத் துளை வழியே கிழிந்துவிடும். நூல் முனைகளை உட்பக்கம் டேப்பால் ஒட்டிவிட்டு, வாழ்த்து எழுதிய தாளால் மூடுங்கள். அந்த உள் தாளையும் முழுக்க ஒட்ட வேண்டாம், மடிப்போரம் ஒரு மெல்லிய இரட்டைப் பக்க டேப் போதும். பூ, இலை ஒட்டுவதானால் தடித்த செவ்வரத்தையை விடுங்கள், கறுத்துவிடும். போகன்வில்லா இதழும் மெல்லிய பன்னமும் புத்தகத்துக்குள் நன்றாகக் காயும்.

நார் திசை பற்றி நான் சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது கையால் செய்த தாள். கேகாலைப் பக்கம் யானை லத்தியில் செய்கிறார்களே, அது மாதிரி. கூழைச் சல்லடையில் அள்ளி நாலு பக்கமும் அசைக்கும்போது நார்கள் கண்டபடி படுக்கின்றன. அதனால் அதில் திசை பார்க்க வேண்டியதில்லை, எப்படி மடித்தாலும் ஒரே மாதிரித்தான். ஆனால் பேனையால் கோடு அழுத்தினால் நார் பிய்ந்து வரும். அதற்குப் பதிலாக, நனைத்த மெல்லிய தூரிகையால் அடிமட்டத்தை ஒட்டி ஒரே ஒரு தண்ணீர்க் கோடு இழுத்து, அரை நிமிடம் ஊறவிட்டு மடியுங்கள். மடித்ததும் ஒரு கனமான புத்தகத்தின் கீழ் காயவிட வேண்டும். வெட்டுவதும் அப்படித்தான். தண்ணீர்க் கோடு போட்டுக் கையால் பிரித்தால் ஓரம் பஞ்சு போலப் பிரிந்து வரும், கத்தியால் வெட்டினால் அந்த அழகு போய்விடும். மைப் பேனையால் அதில் நேரடியாக எழுதாதீர்கள், பெரும்பாலும் மை ஊறிப் பரவும். வேறு தாளில் எழுதி, மடலில் போட்ட இரண்டு வெட்டுகளுக்குள் மூலைகளைச் செருகிவிடலாம்.

இதிலும் ஏமாற்றுவார்கள். இயந்திரத்தில் செய்த தாளில் நாலு பூவிதழைக் கலந்துவிட்டு, கையால் செய்தது என்று இரட்டிப்பு விலை சொல்வார்கள். அதே வளைக்கும் சோதனையைச் செய்யுங்கள். ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் விறைப்பாகவும் வளைந்தால் அது ஆலைத் தாள்.

பரிசுப்பொருள் கடைக்காரர் யாராவது, "வையுங்கள், விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பித் தருகிறோம்" என்றால் கவனம். திரும்பி வருவது மங்கிய மடலாகவும் விலைச் சீட்டு பிய்த்த மடலாகவும்தான் இருக்கும். கொஞ்சம் விலை குறைத்தாவது கைக்காசுக்குக் கொடுங்கள். அலுவலக ஓடருக்கும் பாதிக் காசை முன்பணமாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

நல்ல அட்டை ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். காகிதம் இல்லாமல் 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையே தள்ளிப்போன நாடு இது. வைக்கோலில் தாள் செய்த வாழைச்சேனை ஆலை நம்மிடமே இருந்தது. அதைக் காப்பாற்றத் தெரியாமல், வெளியிலிருந்து இறக்கிய அட்டைக்கு 18 சதவீத வற் வரியும் கட்டுகிறோம். பிள்ளைகளுக்கு மடல் செய்யச் சொல்கிற சித்திரப் பாடத்தில் தாளுக்குத் திசை உண்டு என்று ஒரு வரி சொல்லிக் கொடுக்கிறார்களா? தபால் கட்டணமும் 2022 ஆகஸ்டில் ஒரேயடியாக 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஏறியது. மடல் அனுப்பும் பழக்கம் குறைந்துவிட்டது என்று அப்புறம் கவலைப்படுகிறோம்.

அதனால் எடையையும் பாருங்கள், பாரம் கூடினால் தபால் கட்டணமும் கூடும். 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டையை இரண்டாக மடித்தால் அட்டை மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். ஏ5 துண்டை மடித்தால் அதில் பாதி, உறையோடு சேர்த்தாலும் 20 கிராமுக்குள் அடங்கும். அலுவலகம் தபாலில் அனுப்பப் போகிறதா, கையில் கொடுக்கப் போகிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். தபால் என்றால் பொத்தான், மணி எதுவும் வேண்டாம், முத்திரை குத்தும்போது நொறுங்கும்.

ஏற்கெனவே வளைந்த மாதிரிகளை எறிய வேண்டாம். உட்பக்கத்தில், மேலே ஒட்டிய அதே தாளை, அதே திசையில், அதே அளவு பசையோடு ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும். மெழுகுத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரமேற்றி, ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள். எடுத்ததும் உறைக்குள் போடாமல் மேசையில் சில மணிநேரம் கிடக்கட்டும். அப்போதும் நேராக இருந்தால் அதையே மாதிரியாக அலுவலகத்துக்குக் காட்டலாம்.