கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் ஏது? – சைக்கிள் கேள்வி பதில்

ஆரையம்பதியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் பழைய ஓட்டவீரர் வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலையேற்றப் போட்டி பற்றியவை.

மலைநாட்டில் நடக்கப்போகும் சைக்கிள் மலையேற்றப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 12 கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். ஒவ்வொருவராக ஒரு நிமிட இடைவெளியில் விடுவார்களாம். எங்கள் பக்கம் கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எப்படிப் பழகுவது?
– வாசகர், கல்லடி

தம்பி, பாலத்தில் ஏறி இறங்கிப் பழகலாம் என்ற யோசனை இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். மூச்சு வாங்கத் தொடங்குமுன் பாலம் முடிந்துவிடும். அப்புறம் இறக்கத்தில் கால் ஆறிவிடும். மலையில் அந்த ஆறுதல் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் நாலடி தள்ளிச் சைக்கிள் நின்றுவிடும்.

நமக்கு மலை இல்லாவிட்டால் என்ன, கச்சான் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் அது எழும்பும் நாளாகப் பார்த்து, செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியில் மேற்கே முகத்தைக் கொடுத்து மிதியுங்கள். கனமான கியரில், நிமிடத்துக்கு அறுபது சுற்று அளவில், எட்டு நிமிடம் விடாமல். பிறகு நான்கு நிமிடம் லேசாக. மறுபடி எட்டு. இப்படி நான்கு தடவை செய்தால் கரடியனாறு கடந்து புல்லுமலைப் பக்கம் வந்துவிடுவீர்கள். வாரத்தில் இரண்டு நாள் இது போதும், மற்ற நாட்களில் சும்மா ஓடுங்கள். விடியமுன்னும் பொழுதுபட்ட பிறகும் மட்டும் அந்த வீதியில் வேண்டாம். யானைக்கு உங்கள் போட்டி விஷயம் தெரியாது.

காற்று சொல்லித்தராத ஒன்றும் உண்டு. நம்முடைய பிள்ளைகள் சமதரையில் அடுத்தவன் பின்சில்லோடு ஒட்டிக்கொண்டு ஓடுவதில் கெட்டிக்காரர். 40 கிலோமீற்றர் வேகத்தில் அது பெரிய லாபம்தான், காற்றை முன்னால் போகிறவன் உடைத்துக் கொடுப்பான். பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது உடைக்கக் காற்றே இல்லை. நீங்கள் இழுப்பது உங்கள் பாரத்தை. அதில் எவனும் பங்குக்கு வரமாட்டான். அதனால் தனியாகப் பழகுங்கள். கூட்டமாகப் போனால் பேச்சுத்தான் வளரும்.

போட்டிக்கு முன் இரண்டு மூன்று தடவையாவது உண்மையான ஏற்றம் ஒன்றைக் கால் பார்க்க வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று நம் வாசல்களால் போகிற ஏ4 வீதிதான் சியம்பலாண்டுவ, மொனராகலை கடந்து வெல்லவாயவுக்கும் போகிறது. பஸ்ஸிலோ லொறியிலோ சைக்கிளைப் போட்டுக்கொண்டு வெல்லவாயவில் இறங்குங்கள். அங்கிருந்து எல்ல வரை ஏறக்குறைய 27 கிலோமீற்றர், இராவணன் நீர்வீழ்ச்சி வழியாக. எல்ல கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மகியங்கனைப் பக்கம் போக வசதி உள்ளவர்கள் ஹசலக்க தாண்டி, கண்டி வீதியில் ‘பதினெட்டு வளைவு’ ஏறிப் பார்க்கலாம். வீதியைத் திருத்தியதில் ஒரு வளைவு குறைந்துவிட்டது. பெயர் குறையவில்லை, காலுக்கும் ஒன்றும் குறைந்த மாதிரித் தெரியாது.

வளைவில் ஒரு நுட்பம். உள்விளிம்பு தூரம் குறைவு, ஆனால் சரிவு செங்குத்து. வெளிவிளிம்பு கொஞ்சம் சுற்று, ஆனால் மெத்தனம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் வலது கை வளைவுகளில் மெத்தனமான பக்கம் தானாக வாய்க்கும். அங்கே மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை வளைவு வருமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு குறைத்தால் செயின் ‘கடக்’ என்று குதிக்கும், சிலநேரம் கழன்றே விழும். வீதியை மூடாத இடத்தில் மெத்தனம் தேடி வலப்பக்கம் போகவேண்டாம், மேலிருந்து மரக்கறி லொறி வரும்.

ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில்தான் போட்டி தோற்பது. தொடக்கக் கோட்டில் ஆட்கள் கத்துவார்கள், கால் புதுசாக இருக்கும், பறக்கலாம் போலத் தோன்றும். பறக்காதீர்கள். ‘வலது, இடது’ என்று இரண்டு சொல் வாய்விட்டுச் சொல்ல முடிகிற அளவிலேயே முதல் கால்பங்கை ஏறுங்கள். ஒரு நிமிடம் பின்னால் விட்டவன் உங்களைக் கடந்து போனாலும் விடுங்கள். மூன்றாவது கால்பங்கில் அவனை மறுபடி காண வாய்ப்பிருக்கிறது. கடைசிக் கிலோமீற்றரில் எதையும் மிச்சம் வைக்கவேண்டாம்.

இறங்கி ஓடத்தான் சைக்கிள். மலையில் ஏறிக் கஷ்டப்படுவது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் புதுப் பைத்தியம் இல்லையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி

பைத்தியம் சரி ஐயா, புதுசு இல்லை. லண்டனின் தென்பகுதியைச் சேர்ந்த கேட்ஃபோர்ட் சைக்கிள் கழகம் 1887இல் தொடங்கிய மலையேற்றப் போட்டி இன்றும் நடக்கிறது. 700 மீற்றரும் இல்லாத ஏற்றம், கெட்டிக்காரர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். நீளமாக வேண்டுமென்றால் தாய்வானில் ஒன்று இருக்கிறது. நம்மைப் போலக் கடற்கரை ஆட்களுக்கென்றே வைத்தது மாதிரி, ஹுவாலியன் கடலோரத்தில் தொடங்கி, 105 கிலோமீற்றர் ஏறி 3,275 மீற்றர் உயரத்தில் முடியும். 2017இல் இத்தாலியின் வின்சென்சோ நிபாலி அதை மூன்று மணி இருபது நிமிடத்துக்குள் ஏறி முடித்தார். நம் பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 16 வயது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் ஓட்டத்தில் முதலாவதாக வருவாள். இப்போது மலையேற்றப் போட்டிக்கு உடம்பு மெலியவேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். நான் சொல்லிக் கேட்கிறாள் இல்லை.
– ஒரு தாய், காரைதீவு

தங்கச்சி, இந்தப் பதிலை மகளிடமே வாசிக்கக் கொடுங்கள்.

மகள், பாரம் குறைந்தால் ஏறுவது சுகம் என்று நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. ஆளும் சைக்கிளுமாக 65 கிலோ என்று வைப்போம். அதில் ஒரு கிலோ குறைந்தால், அரை மணி நேர ஏற்றத்தில் அரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம் பிடிக்கலாம். அதுவும் காலில் பலம் அப்படியே இருந்தால். பட்டினி கிடந்து குறைக்கிற கிலோவில் தசையும் சேர்ந்து கரையும். அரை நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நிமிடத்தைத் தொலைப்பீர்கள். வளர்கிற வயதில் பட்டினியோடு பயிற்சியும் செய்தால் மாதவிலக்கு நின்றுபோகும், எலும்பு பலமிழக்கும். ஏற்கெனவே மாதம் தவறியிருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அம்மாவோடு டொக்டரிடம் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓடிவிட்டு வந்த இரவு சோறும் மீனும் வயிறார. தயிர் இருந்தால் அதுவும். போட்டி காலை ஏழு மணிக்கென்றால் நாலரைக்கே எழும்பி இடியப்பமும் சொதியும், ஒரு வாழைப்பழமும். முதல்நாள் இரவு கடைக் கொத்து வேண்டவே வேண்டாம். போத்தலில் ஒரு ஜீவனி (உடம்பின் நீர் வற்றாமல் குடிக்கும் உப்புத்தூள்) பைக்கற்றைப் பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து எடுங்கள். பாரம் குறைக்கத்தான் வேண்டுமென்றால் சைக்கிளில் குறையுங்கள். ஸ்டாண்ட், பின் கரியர், மணி, மட்காட் எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் ஏற முடியுமா? ரேசர் வாங்கக் காசு இல்லை.
– வாசகர், சம்மாந்துறை

கணக்கைப் பாருங்கள். செயின்வீலில் 44 பல், பின் பிரீவீலில் 18 பல் என்றால் ஒரு மிதி சுற்றுக்குச் சைக்கிள் ஐந்தரை மீற்றர் போகும். கியர் ரேசரில் 34க்கு 32 போட்டால் இரண்டே கால் மீற்றர்தான். மணிக்கு எட்டுக் கிலோமீற்றரில் ஏறும்போது ரேசர்காரன் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிப்பான், நீங்கள் இருபத்தைந்து. ஒவ்வொரு மிதியும் படியில் ஆளைத் தூக்கி வைக்கிற பாடு. முழங்கால் தாங்காது.

22 பல் பிரீவீல் கிடைத்தால் மாற்றுங்கள், சின்னச் செலவு. மெத்தனமான ஏற்றமென்றால் நின்று மிதித்து ஏறிவிடலாம். செங்குத்து என்றால் பழைய மவுண்டன் சைக்கிள் ஒன்று பாருங்கள். வாங்குமுன் பின்சில்லைத் தூக்கிச் சுற்றி, காதை அச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். ‘கரகர’ என்றால் உள்ளே குண்டை உப்புத் தின்றுவிட்டது. கடற்கரையில் நின்ற சைக்கிள் எல்லாம் அப்படித்தான். குண்டு மாற்றலாம். அது ஓடுகிற கிண்ணம் குழி விழுந்திருந்தால் வாங்காதீர்கள். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மிஞ்சுவதைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நம் மணல் முழுவதும் அங்கேதான் வந்து ஒட்டும். தேங்காயெண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கடைக்கு வரவேண்டாம்.

ஏறி முடித்த பிறகு இறங்குவதற்கும் பயிற்சி வேண்டுமா?
– வாசகர், திருக்கோவில்

வேண்டும். போட்டி முடிந்த சந்தோஷத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். வியர்த்த உடம்போடு இறங்கினால் குளிர் நெஞ்சில் அடிக்கும், கை விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. ஜக்கட் இல்லையென்றால் சட்டைக்குள் பழைய பேப்பர் இரண்டு தாள் செருகுங்கள், பெரிய ஓட்டவீரர்களே செய்த வேலை அது. பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் றிம் சூடேறி டியூப் வெடிக்கும். நேர்ப்பகுதியில் விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டுத் திரும்புங்கள். பிரேக் கட்டையில் பள்ளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஊரிலேயே புதுசு போட்டுக்கொண்டு புறப்படுங்கள், மலைக்கு மேலே கடை தேட முடியாது.