பல்லு டொக்டரை மாத்தி மாத்தித் திரியாதையும் தம்பி

கோப்பாயில இருந்து கனடாவுக்கு, ஸ்காபரோவுக்கு வந்து மூண்டு மாசம் எண்டுறீர், அறை வாடகை, லைசென்ஸ், வேலை எல்லாம் கேட்டுப்போட்டுக் கடைசியில "பல்லுக் கிளீன் பண்ண மலிவான இடம் எது அண்ணை" எண்டு கேட்டிருக்கிறீர். வாடகையும் லைசென்ஸும் ஆயிரம் பேர் சொல்லுவினம். நான் பல்லைச் சொல்லுறன், பட்டவன் நான்.

நான் வந்தது 1998 மார்கழி. ஊரில பல்லு டொக்டரெண்டால் புடுங்கிறதுக்குத்தான். நொந்தால் அம்மா கராம்பை வைச்சு அடக்குவா, அதுக்கும் கேக்காட்டிப் பெரியாஸ்பத்திரியில வரிசையில நிண்டு காசில்லாமல் புடுங்கிப்போட்டு, பஞ்சைக் கடிச்சுக்கொண்டு சைக்கிள்ள வீட்ட வாறது. அதே புத்தியோட இஞ்சயும் இருந்தன். ஓஹிப் காட், அதுதான் ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருத்துவக் காட், பல்லுக்கு உதவாது எண்டே தெரியாது. பிறகு எங்க விலைக்கழிவோ அங்க எண்டு அஞ்சு வருசத்தில நாலு இடம். போற இடமெல்லாம் புது எக்ஸ்ரே, புதுக் கதை. ஒராள் ஏழு சூத்தை எண்டார், மற்றவர் ரெண்டு எண்டார். ஒப்பிட்டுப் பாக்கப் பழைய படம் ஒண்டும் இல்லை.

அப்பிடி ஒரு இடத்தில அவசரமா நிரப்பின பல்லு, 2004இல அம்மா அனுப்பின ஒடியலை, காய்ஞ்ச பனங்கிழங்கை, கடிக்க டக்கெண்டு பிளந்தது. ஒடியல்தான் உடைஞ்சது எண்டு நினைச்சு இன்னும் ரெண்டு தரம் சப்பினன், விசரன். பல்லு வேரைத் துப்பரவாக்கிற ரூட் கனால், மேல போடுற மூடி கிறவுண் எண்டு ரெண்டு மாச ஓவர்டைம் காசு போச்சு.

அதுக்குப் பிறகு ஒரே டொக்டர்தான். கிளீன் பண்ணுற பிள்ளை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில எவ்வளவு ஆழம் எண்டு குத்திப்பாத்து "ரெண்டு, மூண்டு, ரெண்டு" எண்டு மில்லிமீற்றர்க் கணக்கு வாசிக்கும், மூண்டு வரைக்கும் பறவாயில்லை. எனக்குச் சீனி வருத்தம் வந்த வருசம் பின்பக்கம் அஞ்சு எண்டுது, பழைய கணக்கு கையில இருந்தபடியால் உடனயே பிடிபட்டுது. கடவாய்ப் பல்லில ஒரு நிழல், பல்லின்ர மேல் ஓடு எனாமலைத் தாண்டேல்லை எண்டு ஆறு வருசமா படத்தை ஒப்பிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் துளைக்கேல்லை. புது ஆளெண்டால் எப்பவோ துளைச்சிருப்பார்.

எங்கட சனத்துக்கு இது விளங்காது. பிள்ளையின்ர சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடிப்பினம், பல்லுக் கிளீன் பண்ணுற ஸ்கேலிங் எண்டால் சும்மா பிரஷ் குடுக்கிற இடம் தேடுவினம்.

வேலையில இன்சூரன்ஸ் இல்லாட்டி கனடா அரசாங்கத்தின்ர பல்லுத் திட்டத்தை (CDCP) பாரும், 2025 வைகாசியில இருந்து 18-64 வயசுக்காரருக்கும் திறந்திருக்கு, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழ இருக்கவேணும். டக்ஸ் ஃபைல் பண்ணாமல் அது கிடையாது, அதால வருமானமே இல்லாட்டியும் ஃபைல் பண்ணும். பெரிய வேலையெண்டால் முதல்லயே எஸ்டிமேட் கேளும். ஆள் சரியில்லையெண்டால் மாறும், ஆனால் எக்ஸ்ரேயளைக் கேட்டு வாங்கிக்கொண்டு மாறும்.

போன பங்குனி ஊருக்குப் போனன். முற்றத்தில காய்ஞ்ச ஒடியல் ஒண்டை அம்மா நீட்டினா. கிறவுண் இல்லாத பக்கமா வைச்சு, எச்சில்ல ஊறவிட்டுத்தான் சப்பினன். "என்னடா கிழவன் மாதிரி" எண்டு சிரிக்கிறா, அவவுக்கு 81, வாயில பல்லே இல்லை, வெத்திலையை உரல்ல இடிச்சுக்கொண்டிருக்கிறா.