சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனது பெறாமகன் ஐக்கிய அமெரிக்காவில் சமஷ்டிச் சிறையொன்றில் இருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்று மூன்று வருடங்களாகின்றன. மேன்முறையீடு செய்யும்படி அன்றே தன் சட்டத்தரணியிடம் கூறியதாகவும், அவர் அதைச் செய்யாமலே விட்டதைப் பின்னர்தான் அறிந்ததாகவும் எழுதியிருக்கிறார். பணம் தந்தால் வழக்கை மீளத் திறக்கலாம் என இங்கு ஒருவர் சொல்கிறார். இனியும் வழியுண்டா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: வழி உண்டு, ஆனால் மிக ஒடுங்கிய வழி. எங்கள் நாட்டில் மேன்முறையீட்டுக் காலம் தவறியவர்கள் தாமதத்துக்குக் காரணம் காட்டி, கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மீளாய்வு மனு தாக்கல் செய்வதுண்டு. அமெரிக்காவிலோ சமஷ்டிக் கைதியின் மனு, அந்நாட்டுச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பிலுள்ள 2255ஆம் பிரிவின் கீழ், தண்டனை விதித்த அதே நீதிமன்றத்துக்கே முதலில் போகவேண்டும். 1996இல் வந்த சட்டம் அதற்கு ஒரு வருட எல்லை வகுத்தது. மேன்முறையீடு செய்யாதவருக்கு, அதற்கான 14 நாட்கள் முடிந்ததும் அந்த ஒரு வருடம் ஓடத் தொடங்கும்.

உங்கள் பெறாமகன் கூறும் குறை பாரதூரமானது. கேட்டும் மேன்முறையீடு செய்யாத சட்டத்தரணி தன் கடமையில் தவறியவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. ஒப்புதல் உடன்படிக்கையில் மேன்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுத்திருந்தாலும் அதுவே விதி என 2019இல் மேலும் உறுதிப்படுத்தியது. ஆயினும் குறை எவ்வளவு பெரிதென்பதைப் பார்க்குமுன், மனு காலத்துக்குள் வந்ததா என்பதையே நீதிபதி பார்ப்பார். மேன்முறையீடு இல்லை என்பதை உரிய அக்கறையுடன் தேடியிருந்தால் எந்த நாளில் அறிந்திருக்கலாமோ, அந்த நாளிலிருந்து ஒரு வருடத்தைக் கணக்கிடும்படி கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அத்துடன், விடாமுயற்சியோடு இருந்தும் அசாதாரணமான தடையொன்றால் காலம் தவறியவருக்குச் சலுகை காட்டலாம் என 2010இல் அதே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சட்டம் தெரியாது என்பதோ சட்டத்தரணியின் சாதாரண கவனயீனமோ பொதுவாக இதற்குப் போதாது. எனவே அந்த மூன்று வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பதே இங்கு முக்கியம்: சட்டத்தரணிக்கு எப்போது எழுதினார், என்ன பதில் வந்தது, நீதிமன்றப் பதிவாளரிடம் எப்போது விசாரித்தார். கடிதப் பிரதிகளையும் சிறைத் தபால் பதிவுகளையும் இன்றே திரட்டச் சொல்லுங்கள்; உங்களுக்கு அவர் அனுப்பிய பழைய கடிதங்களில் திகதியோடு இது பற்றிய பேச்சிருந்தால் அவையும் பயன்படும்.

அவசரத்தில் அரைகுறையாக எழுதி அனுப்பவும் கூடாது. முதல் மனு காலம் கடந்ததென்று தள்ளுபடியானால், இரண்டாவது மனுவுக்கு அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அது அரிதாகவே கிடைக்கும். மனுவைச் சிறைத் தபாலில் ஒப்படைக்கும் நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படுவதால், அதற்குரிய சத்தியக்கூற்றையும் இணைக்கவேண்டும்.

பணம் கேட்பவர் அமெரிக்க நீதிமன்றத்தில் தோன்ற அனுமதி பெற்ற சட்டத்தரணி அல்லரென்றால், அவரால் அங்கே எதுவும் செய்ய இயலாது. இந்த மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது. படிவத்தைப் பதிவாளர் இலவசமாகவே தருவார். சாட்சி விசாரணை தேவையென நீதிபதி கருதினால், வசதியற்ற கைதிக்குச் சட்டத்தரணியொருவரையும் நியமிப்பார்.