ஹாங் லிம் கூட்டமா, ஓட்டா? தம்பிக்கு என் பதில்

தம்பி, சிங்கப்பூர் ஹாங் லிம் பூங்கா ஆர்ப்பாட்டக் கூட்டத்துக்குப் போகலாமா, இல்ல அப்பா சொல்ற மாதிரி ஓட்டு மட்டும் போதுமான்னு கேட்டிருக்கீங்க, ஆனா போன தேர்தல்ல ஓட்டே போடலன்னு நடுவுல சைலண்டா ஒரு வரி வேற, மொதல்ல அதைப் பாருங்க. இங்க ஓட்டு கட்டாயம், போடலன்னா பதிவேட்டுலேர்ந்து பேரைத் தூக்கிடுவாங்க. தேர்தல் துறை வெப்சைட்ல சிங்பாஸ் (அரசாங்க டிஜிட்டல் ஐடி) போட்டு செக் பண்ணி, பேரைத் திரும்ப சேர்க்க அங்கயே அப்ளை பண்ணலாம், ஓட்டு போடாததுக்கு சரியான காரணம் இல்லன்னா 50 வெள்ளி கட்டணும். தேர்தல் அறிவிச்சப்புறம் ஓடுனா நடக்காது.

கூட்டத்துக்கு தாராளமா போங்க. அந்தப் பூங்காவுல இருக்குற பேச்சாளர் முனையில சிட்டிசன்ஸ் 2008லேர்ந்து போலீஸ் பர்மிட் இல்லாம ஆர்ப்பாட்டமே நடத்தலாம். ஒர்க் பாஸ்ல இருக்குற ரூம்மேட்டை மட்டும் இழுத்துட்டுப் போகாதீங்க, வெளிநாட்டுக்காரர் பர்மிட் இல்லாம கலந்துக்க முடியாது, அவருக்குத்தான் சிக்கல். அங்க பிடிக்கிற கோரிக்கை அட்டையை எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல நீங்க ஒத்தையா பிடிச்சு நின்னாலும் பர்மிட் வேணும், அது வேற கதை.

எது பெருசுன்னா, என்னைக் கேட்டா ஓட்டுதான். 2011 தேர்தல்ல ஆளுங்கட்சியான பிஏபி 60.1 சதவீத ஓட்டுக்கு இறங்கி அல்ஜுனிட் தொகுதி கைவிட்டுப் போச்சு, அடுத்த வருஷமே மந்திரிங்க சம்பளத்தைக் குறைச்சாங்க. ஆனா 377ஏ (ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்குன சட்டப் பிரிவு) மாதிரி விஷயம் ஓட்டுச்சீட்டுல வராதே, ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு ஆதரவான பிங்க் டாட் அமைப்பு 2009லேர்ந்து அந்தப் பூங்காவுல கூடிக்கிட்டே இருந்தாங்க, 2022ல நாடாளுமன்றம் அதை நீக்குச்சு. கூட்டம் மட்டுமே காரணம்னு சொல்லல, பேச்சு அடங்காம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாகிட்ட சண்டை வேணாம், பேரை சேர்த்துட்டு அப்புறமா சொல்லிட்டுப் போங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்குங்க, திடல்ல நிழலே கிடையாது.